கட்டைக்கு இங்காலை கிடந்த பந்து

ஒட்டுசுட்டான் பக்கத்தில் பொய் சொல்லாத ஆள் என்று ஒருவரும் இல்லை. நானும் சொல்வேன். வாடகைக்கு வான் ஓடுகிறவன் பொய் சொல்லாமல் பிழைக்க முடியாது. குளிக்கப் போகும் முன்னமே "வந்திட்டன், சந்தியில நிக்கிறன்" என்று போனில் சொல்லிப் பழகியவன் நான். ஆனால் நாங்களெல்லாம் தேவைக்குச் சொல்கிறவர்கள். எங்கள் ஒழுங்கையில் சில வீடு தள்ளி இருந்த அன்ரி அப்படியல்ல. தேவையில்லாத இடத்திலும் சொல்லுவார், பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்பதற்காக.

போன மாரிக்கு முன்னம் அன்ரி செத்துப்போனார் என்று எனக்குப் போன் வந்தது. "ஆர் சொன்னது? அவாவோ?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று விளங்கியது. கனடாவிலிருந்து மகன் வந்து கொள்ளி வைத்தான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து அவனை விமான நிலையத்துக்கு ஏற்றிக்கொண்டு போகும்போது, அம்மாவைப் பற்றி ஏதாவது எழுதலாம் என்று இருக்கிறேன் என்றேன். "எழுதுங்கோ அண்ணை. ஆனா உண்மையை எழுதிப் போடாதேங்கோ, அம்மாவுக்குப் பிடிக்காது" என்றான்.

பெயரைச் சொல்லமாட்டேன். அவரே இடத்துக்கு ஒரு பெயர் சொன்னவர். அவருடைய தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து முத்தையன்கட்டுக் குடியேற்றத் திட்டத்தில் வயற்காணி கிடைத்து வந்தவர். அன்ரி ஆள் குள்ளம், நடை வேகம். பொய் சொல்லும்போது மட்டும் முகத்தில் ஒரு சாந்தம் வரும். கோயிலில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும்போதுகூட அந்தச் சாந்தத்தை நான் கண்டதில்லை.

ஒருமுறை வவுனியாவில் ஒரு புடவைக் கடைக்கு ஏற்றிக்கொண்டு போனேன். அன்றைக்கு அவருக்குப் பிடிக்காத ஒரு சொந்தக்காரர் வீட்டில் கலியாணம். போன் வந்தது. "ஐயோ பிள்ளை, வெளிக்கிட்டு வந்துகொண்டுதான் இருக்கிறம். றோட்டில யானை நிக்குது. தம்பி பயந்துபோய் வானை நிப்பாட்டிப் போட்டான்" என்றார். போனைக் கையால் பொத்திக்கொண்டு, கடைக்காரப் பெட்டையிடம் "அந்த நீலத்தை எடும் பிள்ளை" என்றார். பிறகு கையை எடுத்து, "ஒண்டில்லை பிள்ளை, தாயும் குட்டியும். குட்டி படுத்திட்டுது" என்றார். கடை மேல்மாடியில் இருந்தது. பயந்தாங்கொள்ளி என்ற பெயரோடு நான் பக்கத்தில் நின்றேன்.

சும்மா திட்டிக்கொண்டே போகவும் முடியாது. என் அம்மாவுக்கு வயிற்றில் ஒப்பரேசன் செய்து, எழும்பவே மாட்டேன் என்று கட்டிலில் கிடந்த காலம். பிள்ளைகள் நாங்கள் கெஞ்சிக் களைத்துவிட்டோம். அன்ரி வந்து கட்டிலில் இருந்தார். "இதே ஒப்பரேசன் எனக்கும் செய்தது. அடுத்த கிழமை நான் வயலுக்கை நிண்டனான். உங்களுக்கு என்ன, ராசாத்தி மாதிரிப் படுத்திருக்கிறியள்" என்றார். அன்ரியின் உடம்பில் ஒரு கத்திகூடப் பட்டதில்லை. ஆனால் என் அம்மா அன்று பின்னேரமே எழும்பிக் குசினி அடுப்படி வரைக்கும் நடந்தார். வயிற்று வருத்தத்துக்குத் தோற்றாலும் அன்ரிக்குத் தோற்பதாக இல்லை.

இனி அந்தப் பெரிய பொய்யைச் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் மிச்சக் கதை விளங்காது.

சண்டை முடிந்து, செட்டிகுளத்து முகாமிலிருந்து எல்லாரும் திரும்பி வந்த காலம். அன்ரி வீட்டு வயலுக்கு அங்கால் பற்றைக் காடு. அதைச் சுற்றித் தலையில் சிவப்புப் பூசின கட்டைகள் நட்டிருந்தார்கள். மிதிவெடி கிடக்கிறது, உள்ளே போகாதே என்று அர்த்தம். மகன் அப்போது கனடாவில் விசாப் பேப்பர் ஒன்றும் சரிவராமல், ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். அவன் அனுப்பின முதல் காசில் அன்ரியின் புருசன், எங்கள் அங்கிள், ஒரு பசுமாடு வாங்கினார். மகனைக் கூப்பிடுகிற மாதிரித்தான் அந்த மாட்டையும் கூப்பிடுவார். ஒருநாள் அது கயிற்றை அறுத்துக்கொண்டு சிவப்புக் கட்டையைத் தாண்டிப் போனது. மகன் வாங்கித் தந்த மாடல்லவா, அங்கிள் பின்னால் போனார். மாடு பின்னேரம் தன்பாட்டில் திரும்பி வந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்குக் கெட்ட செய்தியை அப்படியே சொல்வதில்லை. செத்தவருக்கு முதலில் காய்ச்சல் வரும், பிறகு ஆஸ்பத்திரியில் கொஞ்சம் கடுமையாகும், மூன்றாம் நாள்தான் சாவார். அன்ரி இந்த வழக்கத்தை ஒரேயடியாக முடித்துவிட்டார். பிரேதம் வர முதலே ஒழுங்கையில் உள்ள எல்லாரையும் கூப்பிட்டார்.

"அவர் மாரடைப்பிலதான் போனவர். நான் காசு அனுப்பி வாங்கின மாட்டாலதான் அப்பா செத்தவர் எண்டு என்ர பிள்ளை ஒருநாளும் நினைக்கக் கூடாது. அவன் அங்கை தனிய நிக்கிறான். ஆராவது வாய் திறந்தியள் எண்டா, செத்தாலும் என்ர முகத்தில முழிக்காதேங்கோ."

எங்கள் ஒழுங்கையில் காலையில் ஒரு பெட்டை ஆரோடு கதைத்தாள் என்பது மத்தியானத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அப்பேர்ப்பட்ட ஒழுங்கை இந்த விஷயத்தை மட்டும் வாய்க்குள் போட்டுப் பூட்டிக்கொண்டது. மகன் போனில் அழுதபோது அன்ரி, "நித்திரையிலயே போட்டார் மோனை, ஒரு நோவும் இல்லை" என்றார். மாட்டை அடுத்த கிழமையே விற்றுவிட்டார். அதற்குப் பிறகு அவர் வாயில் மாடு என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. நாங்களும் அவருக்கு முன்னால் சொல்வதில்லை.

பல வருசம் கழித்துக் கனடாப் பாஸ்போட்டோடு மகன் வந்து இறங்கினான். என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்புக் கீழே படித்தவன். இப்போது தலை வழுக்கை. தோளில் ஒரு நீளப் பை. அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பழைய பயம் அவருக்கு. பைக்குள் இருந்தவை கொல்ஃப் மட்டைகள்.

தாயும் மகனும் கட்டிப்பிடித்து அழுதார்கள். அழுது முடிந்த பிறகு கதைக்க ஒன்றும் இருக்கவில்லை. "சாப்பிட்டீங்களோ அம்மா?" என்று அவன் கேட்பான். "ஓம். நீ சாப்பிட்டனியோ?" என்று அவர் கேட்பார். இரண்டு பேரும் ஒரே மேசையில் இருந்து இப்போதுதான் எழும்பியிருப்பார்கள். இவ்வளவு காலப் பிரிவை எங்கே தொடங்கிக் கதைப்பது? தகப்பன் பக்கம் கதை திரும்பினால் அன்ரி உடனே குசினிக்குப் போய்விடுவார்.

அவனுக்குக் கதைக்க வந்த ஒரே கதை கொல்ஃப். லொறி ஓடுகிற கொம்பனியில் முதலாளி பழக்கி விட்டாராம். லீவு கிடைத்தால் பெயர் பெற்ற மைதானங்களைத் தேடிப் போவானாம். ஸ்கொட்லாந்தில் கடற்கரையோரம் ஒன்று, உலகத்திலேயே பழையது என்று படம் காட்டினான். அன்ரி போனை வாங்கிப் பார்த்தார். "இவ்வளவு காணியை ஒருத்தரும் உழேல்லையோ?" என்று கேட்டார். பிறகு, "எங்கட நாட்டில இந்தச் சாமான் இல்லையோ?" என்றார். கொழும்பு, கண்டி, நுவரெலியா என்று அவன் எண்ணினான். "அப்ப எல்லாத்தையும் பாப்பம்" என்றார் அன்ரி. கதிர்காமத்துக்கு வாங்கோ என்று நான் எத்தனை தரம் கூப்பிட்டு வராத மனுசி.

ஆனால் ஒரு வருசத்துக்கு ஒன்றுதான் என்று சொல்லிவிட்டார். ஏன் என்று நான் தனியாகக் கேட்டேன். "எல்லாத்தையும் ஒரே தரத்தில காட்டி முடிச்சா அடுத்த வருசம் அவன் ஏன் வாறான்? உனக்கு வான் ஓடத் தெரியும், வேற ஒண்டும் தெரியாது" என்றார். இது பொய்யில்லை என்று நான் அப்போதே கண்டுகொண்டேன். முகத்தில் அந்தச் சாந்தம் இல்லை.

முதலில் கொழும்பு. சேலை, அதற்குக் கீழே மகன் வாங்கிக் கொடுத்த வெள்ளைச் சப்பாத்து, கையில் கைப்பை. வாசலில் நின்ற தமிழ்ப் பெடியன், "அம்மாவும் விளையாடுவாவோ?" என்று மரியாதையாகத்தான் கேட்டான். "எங்கட ஊரில எனக்குச் சொந்தமாப் பதினெட்டுக் குழி கிடக்கு" என்றார் அன்ரி. கொல்ஃபில் பந்து விழ வேண்டிய குழி பதினெட்டு என்று மகன் வழியில் சொல்லியிருந்தான். யானை கால் வைத்த குழிகளையும் தென்னம்பிள்ளை வைக்கக் கிண்டிய குழிகளையும் சேர்த்தால் கணக்குச் சரிதான். பெடியன் ஒதுங்கி வழிவிட்டான். மட்டைப் பையை என் தோளில் மாட்டினார்கள்.

அன்ரி அடிப்பது விறகு கொத்துகிற மாதிரி. பந்து போகும், அதோடு ஒரு கைப்பிடி புல்லும் போகும். மகன் பின்னால் நின்று முழங்கையைப் பிடித்துக் காட்டுவான். அந்த நேரம் இரண்டு பேரும் சிரிப்பார்கள். நான் பையைக் கீழே வைத்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பேன். உண்மையைச் சொன்னால் எனக்குப் பொறாமையாக இருந்தது. என் அம்மாவோடு நான் ஒருநாளும் ஒன்றும் விளையாடியதில்லை.

குறைய அடித்துக் குழிக்குள் போடுகிறவன்தான் வெல்வான். அந்த அடிகளை எண்ணிப் புள்ளி போடுகிற அட்டையை அன்ரி வாங்கி வைத்துக்கொண்டார். அதில்தான் சண்டை தொடங்கியது.

"எத்தினை அடிச்சனி?"

"ஏழு அம்மா."

"அஞ்சு போடுறன்."

"அம்மா, அப்பிடிச் செய்யேலாது. இது நேர்மையான விளையாட்டு. நடுவர் இல்லை. அவனவன் தன்ர கணக்கைத் தான்தான் உண்மையாச் சொல்லோணும்."

அன்ரி நின்றுவிட்டார். "பாக்கிறதுக்கு ஒருத்தரும் இல்லையோ?"

"இல்லை."

"பிறகேன் ஏழு எண்டு சொல்லுறாய்? விசரே?"

மகன் வானத்தைப் பார்த்தான். அந்தக் குழியில் அன்ரி பன்னிரண்டு அடித்துவிட்டு நாலு என்று எழுதினார். எனக்கும் ஒரு நாலு போட்டார். நான் மட்டையையே தொடவில்லை.

நாலைந்து குழி தள்ளி மகன் அடித்த பந்து ஒரு வாய்க்கால் பக்கம் போனது. அங்கே வரிசையாகச் சிவப்புக் கட்டைகள். பந்து அந்தப் பக்கம் போனால் விளையாட்டில் ஏதோ தண்டம், அவ்வளவுதான். நானே ஒரு கணம் கால் எடுத்து வைக்காமல் நின்றேன். மகன் விசிலடித்துக்கொண்டு நடந்தான். அன்ரி ஓடிப்போய் அவன் போட்டிருந்த சேட்டைப் பிடித்தார்.

"அங்கை பாம்பு கிடக்கு. இப்ப ஊர்ந்து போனது, நான் கண்டனான்."

"நான் போய்ப் பாக்கிறன் அம்மா."

"உனக்கேன் கஷ்டம்? இஞ்சை கிடக்கு உன்ர பந்து" என்று கட்டைக்கு இங்காலைப் புல்லுக்குள் குனிந்து ஒரு பந்தை எடுத்துக் கொடுத்தார். அது அவருடைய கைப்பையிலிருந்து வந்ததை நான் கண்டேன். அவரும் நான் கண்டதைக் கண்டார். "நீ ஒண்டையும் காணேல்லை" என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்.

ஊரில் அந்தப் பற்றைக் காட்டைத் துப்புரவாக்கிக் கொடுத்து எவ்வளவோ காலமாகிவிட்டது. கட்டைகளையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஆட்கள் கச்சான் கடலை போடுகிறார்கள். அன்ரி மட்டும் அந்தப் பக்கம் கால் வைப்பதில்லை. கிராம சேவகரை மதிக்கமாட்டார், டொக்டரை மதிக்கமாட்டார், ஐயர் மந்திரம் சொல்லும்போதே "உது பிழை" என்பார். சிவப்புக் கட்டைக்கு மட்டும் அடங்கிப்போவார். இதில் சிரிக்க ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒருமுறை றோட்டு அகலிக்க அளந்து நட்ட சிவப்புக் கட்டைகளைக் கண்டு, வானைப் பின்னால் எடுக்கச் சொல்லி, புளியங்குளம் சுற்றிப் போக வைத்தாரே, அதற்கு நான் சிரித்தேன்.

அடுத்த வருசம் கண்டிக்கு அங்கால் ஆற்றோரம் ஒரு மைதானம். பந்து கட்டையைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் அங்கே ஒரு குளவிக்கூடு, ஒரு விசர்நாய், ஆற்றில் ஒரு முதலை. ஒவ்வொரு முறையும் இங்காலைப் பக்கம் ஒரு பந்து. நான்தான் பந்துகளை வாங்கி அவருடைய கைப்பையில் போட்டுக் கொடுத்தேன். தாய் தன்னை வெல்ல வைக்கக் கள்ளம் செய்கிறார் என்று மகன் நினைத்தான். போகும்போது வானுக்குள் இருந்தபடி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அன்ரியும் சிரித்தார். அந்தப் பயணத்தில் இரண்டு பேரும் நிறையக் கதைத்தார்கள்.

கடைசியாக நுவரெலியா. குளிருக்கு அன்ரி சுவெற்றர் போட்டு, காதை மூடித் துவாயைக் கட்டியிருந்தார். மகன் அந்த முறை ஒரு வேலை செய்து வந்திருந்தான். தன் பந்துகளில் எல்லாம் பச்சைப் பேனையால் ஒரு பொட்டு. எங்களுக்குச் சொல்லவில்லை.

நடுப்பகலுக்குக் கிட்ட, அவன் அடித்த பந்து ஓர் ஓடைப் பக்கம் போய்ச் சிவப்புக் கட்டைகளுக்கு அங்கால் பற்றைக்குள் விழுந்தது. அன்ரி வழமைபோல முந்திப் போய், குனிந்து, "இந்தா கிடக்கு" என்று எடுத்துக் கொடுத்தார். அவன் பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அம்மா, பொட்டு எங்கை?" என்று சிரித்தான். "இண்டைக்குப் பிடிச்சன் உங்களை. நான் போய் என்ர பந்தை எடுத்துக்கொண்டு வந்து காட்டுறன், நில்லுங்கோ."

ஒரே எட்டில் கட்டையைத் தாண்டிவிட்டான். அன்ரியின் கைக்கு அவன் சேட்டு எட்டவில்லை. முழங்கால் உயரப் புல்லை விலத்திக்கொண்டு அவன் போனான். பின்னாலிருந்து பார்த்தால் தகப்பன்தான். அதே வழுக்கை, அதே தோள்.

"இஞ்சேருங்கோ" என்றார் அன்ரி. அங்கிளை மட்டும்தான் அவர் அப்படிக் கூப்பிடுகிறவர். அந்தக் குரலை அதற்கு முன்னர் நான் கேட்டதில்லை. "போகாதேங்கோ. மாடு போனாப் போகட்டும். இஞ்சேருங்கோ, வாங்கோ, மாடு போகட்டும், வாங்கோ."

அப்படியே புல்லில் சரிந்து இருந்துவிட்டார். மகன் நின்றான். திரும்பினான். தாயைப் பார்த்தான், பிறகு குனிந்து பக்கத்தில் இருந்த சிவப்புக் கட்டையைப் பார்த்தான். கனடாவில் இருந்தாலும் வன்னியில் பிறந்தவன், அந்தக் கட்டையை அவனுக்கு ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. பிறகு போன வழியாலேயே, புல் மடங்கிக் கிடந்த இடத்தில் மட்டும் கால் வைத்து, மெல்ல வந்தான். தாய்க்கு முன்னால் குந்தினான்.

"அப்பா மாரடைப்பில போகேல்லை, என்னம்மா?"

அன்ரி இல்லை என்று தலையாட்டினார். என்னுடைய தோளில் பை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது, அதை இறக்கி வைக்கத் தோன்றவில்லை.

"மாட்டுக்குப் பின்னால போனவரோ?"

"ஓம்."

அவன் அடுத்ததைக் கேட்க முன்னமே எனக்குத் தெரிந்துவிட்டது. கேட்காதே என்று மனதுக்குள் கும்பிட்டேன். "எந்த மாடு? நான் காசு அனுப்பி வாங்கினதோ?" என்று அவன் கேட்டான்.

அன்ரி துவாயின் நுனியால் முகத்தைத் துடைத்தார். துடைத்துவிட்டுக் கையை எடுத்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சாந்தம் முகத்தில் வந்துவிட்டது.

"சீச்சீ. அது பக்கத்து வீட்டு மாடு. உன்ர மாடு கட்டின இடத்தில வைக்கோல் திண்டுகொண்டு நிண்டது. கொப்பருக்கு எப்பவும் ஊருக்கு உதவி செய்யிற விசர். கேள் தம்பியை."

மகன் என்னைப் பார்த்தான். அப்படி ஒரு பார்வையை நான் மறக்கமாட்டேன்.

"ஓம்" என்றேன். "கட்டின இடத்திலதான் நிண்டது."

அன்றைக்கு அதற்கு மேல் விளையாடவில்லை. அன்ரியைக் கைபிடித்துக் கூட்டி வந்து வானின் பின் சீற்றில் படுக்க வைத்தோம். கண்ணை மூடிக்கொண்டார். மகன் எனக்குப் பக்கத்தில் இருந்தான். கீழே இறங்கும் வளைவுகளில் அவன் தேயிலையைப் பார்த்துக்கொண்டு வந்தான். கண்ணாடியில் பார்த்தேன், அன்ரி நல்ல நித்திரை.

"அண்ணை" என்றான் கடைசியில். "அந்த நேரம் பக்கத்து வீட்டில மாடு நிண்டதோ?"

பக்கத்து வீட்டுக்காரருக்குப் பால் மணமே ஒத்துவராது. அவர் வாழ்நாளில் ஒரு கோழிகூட வளர்த்ததில்லை.

"நிண்டது" என்றேன். "நாலு."

"அஞ்சு" என்றார் அன்ரி பின்னாலிருந்து, கண்ணைத் திறக்காமல். "ஒண்டு அப்பதான் கண்டுக்குட்டி போட்டிருந்தது."

மகன் முகத்தை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு முன்னுக்குச் சாய்ந்தான். தோள் குலுங்கியது. நான் வானை ஓரம் கட்டினேன். அழுகிறான் என்றுதான் நினைத்தேன். அழத்தான் செய்தான், ஆனால் கையை எடுத்தபோது முகம் முழுக்கச் சிரிப்பாக இருந்தது. பின்னால் திரும்பி, தாயின் காலைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"அம்மா, அந்தக் கண்டு நாம்பனோ, பெட்டை நாகோ?"

அன்ரி கண்ணைத் திறந்து அவனை நன்றாகப் பார்த்தார்.

"நாகு" என்றார். "நல்ல சிவலை. நெத்தியில வெள்ளை."